கழுகு ஏமாந்த மெயில்

"நீங்களுமா?" என்றார் மேனேஜர்.

திங்கள் காலைக் கூட்டத்தில் கணக்குப் பிரிவே திரும்பிப் பார்த்தது. 'கழுகு' அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் ஒரு மெயில் வந்திருந்தது. 'உங்கள் பணப் பரிமாற்றம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. உடனே பாஸ்வேர்டு கொடுத்து விடுவியுங்கள்.' அசல் வங்கி மெயில் போலவே இருந்தது. அனுப்பியது மேனேஜர். யார் ஏமாறுகிறார்கள் என்று பார்க்க அவர் வைத்த பரீட்சை.

ஏமாந்தது ரெண்டே பேர். இன்னும் வேலை நிரந்தரமாகாத புதுப்பெண் ஒருத்தி. இன்னொருத்தி, போலி மெயிலைப் பார்த்ததுமே கண்டுபிடிப்பாள் என்று 'கழுகு' பட்டம் வாங்கிய அக்கா.

"நமக்கெல்லாம் பாடம் எடுப்பாங்களே!" பின்னால் யாரோ சிரித்தார்கள்.

புதுப்பெண் வெள்ளிக்கிழமையிலிருந்தே தூங்கவில்லை. பேச்செல்லாம் தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் மழை சத்தமில்லாமல் வழிந்தது. எதிர்க் கட்டடம் மெல்லக் கரைந்து, மிதந்து, எங்கோ போய்க்கொண்டிருந்தது. அதோடு தானும் போய்விட்டால் தேவலை. வீட்டில் அம்மாவிடம் என்னவென்று சொல்வது?

"ஏமாந்தவங்க சீட்டைக் கிழிக்கிறதாதான் இருந்தேன்." மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா இவங்களே ஏமாந்திருக்காங்கன்னா, புதுசா வந்த பொண்ணை என்ன சொல்றது? ரெண்டு பேரும் மறுபடி பயிற்சிக்குப் போங்க. போதும்."

கூட்டம் கலைந்தது. ஜன்னலோரம் அக்கா மட்டும் நின்றாள். புதுப்பெண் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனாள்.

"சொல்லக் கூடாதுதான்... நீங்களும் ஏமாந்ததாலதான் அக்கா நான் பிழைச்சேன்."

"பிழைச்சேல்ல, விடு."

"மெயில் ஐடியில வங்கி பேர்ல ஒரு எழுத்து தப்பா இருந்துச்சாமே! நம்ம ரெண்டு பேர் கண்ணுலயும் படலையே அக்கா!"

அக்கா மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கனவில் பேசுவதுபோல் சொன்னாள்:

"ஒண்ணு இல்லம்மா, ரெண்டு எழுத்து. உன் ஸ்க்ரீன்ல 'இது சோதனை, நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள்'னு வந்ததைப் பார்த்துட்டுத்தானே நான் என் சீட்டுக்குப் போய் பாஸ்வேர்டு போட்டேன்."