பெட் ஸ்கேன் பிடித்த படம்

ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் பெட் ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் பக்கத்துப் பக்கத்து அறையில் குடியிருந்தன. பெட் ஸ்கேனுக்குத் தன்னைப் பற்றி ஏகப் பெருமை.

"ஊசியில ஏத்துன சர்க்கரையை உடம்புக்குள்ள எவன் அதிகம் தின்னாலும், புத்துநோய்தான் அதுல பெருந்தீனிக்காரன், எனக்கு விளக்கு மாதிரி எரிவான். உனக்கு டமடமன்னு சத்தம் போடத்தானே தெரியும்?"

மீன் விற்கும் செபஸ்தியம்மாளுக்கு மறுநாள் மார்பில் ஆபரேஷன். நோய் வேறெங்காவது பரவியிருந்தால் அதுவும் கிடையாது என்று சொல்லியிருந்தார்கள். அவளைப் படமெடுத்த பெட் ஸ்கேன், "தொண்டையிலும் எரியுது!" என்று கூவியது. டாக்டர் முகம் வாடி, அவளை எம்.ஆர்.ஐ.யிடம் அனுப்பினார்.

எம்.ஆர்.ஐ. தட்டித் தட்டி நிதானமாகப் பார்த்தது. "தொண்டை சுத்தமா இருக்கே, அண்ணே."

நர்ஸுக்குச் சந்தேகம் வந்தது. "ஊசி போட்டதும் பேசக் கூடாதுன்னு சொன்னேனே, பேசினீங்களா?"

"பக்கத்துல ஒரு பொண்ணு பயந்து அழுதுச்சும்மா. தைரியம் சொல்லாம எப்படி? ஒரு மணி நேரமும் சொன்னேன்."

ஓயாமல் உழைத்த தொண்டைதான் சர்க்கரையைத் தின்றிருந்தது. ஆபரேஷன் நாள் மாறவில்லை.

"இப்ப என்ன சொல்றீங்க, அண்ணே?" என்று எம்.ஆர்.ஐ. சிரித்தது.

பெட் ஸ்கேன் கொஞ்சம் யோசித்தது. பிறகு நிமிர்ந்துகொண்டது.

"அந்தம்மா தைரியம் சொன்னதைக்கூடப் படம் பிடிச்சிருக்கேன். உன்னால முடியுமாடா?"