அறுந்த நூலும் நாற்பது கைகளும்

விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லுக்கு எதிரே, மூன்று மாடிச் சுவரில் ஒரு பெண்ணின் கை எழுந்து நிற்கிறது. ஆள் உயர விரல்கள்; நடுவில் அறுந்த நூலுக்கு ஒரு முடிச்சு. கிரேன் கூடையில் நின்று அந்த முடிச்சுக்குக் கடைசி மஞ்சளைப் பூசுகிறாள் அஸீலா. ஒரு காலத்தில் பாலத்துத் தூண்களில் ஸ்ப்ரேயால் தன் பேரை எழுதிவிட்டு ஓடியவள். இப்போது ஊர் ஊராகக் கூப்பிட்டுச் சுவர் கொடுக்கிறார்கள். ஷிப்டு முடிந்து சைக்கிள்களை உருட்டி வரும் பெண்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். ஒருத்தி சிரிக்கிறாள். சிரிப்பு சைக்கிள் சைக்கிளாகப் பின்னால் பரவுகிறது. "ஏளா, முடிச்சா போட்டு வச்சிருக்க?" என்று கத்துகிறாள் முன்னால் நிற்கும் இன்பமணி. "நூலு அறுந்தா நாங்க முடிச்சுப் போட மாட்டோம். திருகி ஒட்டுவோம்!"

"எப்படிக்கா? காட்டுங்க."

சைக்கிள்கள் இடுப்பில் சாய்கின்றன. மாலை வெயிலில் நாற்பது கைகள் உயர்கின்றன. பஞ்சுத்துகள் ஒட்டிய விரல்கள், கையில் இல்லாத நூலை ஒரே சொடுக்கில் திருகுகின்றன. பாபநாசம் பஸ் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறது. அஸீலா வாய் கொள்ளாச் சிரிப்போடு, மூன்று நாள் வேலையின் மேல் வெள்ளைப் பெயிண்டை இழுக்கிறாள். கூடை இறங்குகிறது, இன்பமணியை ஏற்றிக்கொண்டு மறுபடி மேலே போகிறது. "கைய அசையாம வச்சுக்கிடுங்கக்கா." கீழேயிருந்து ஒரு குரல்: "ஏ இன்பமணி, ஆடாதளா, படத்துல ஆறு வெரலு விழுந்துரும்!" அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையை நீட்டியபடி சிலையாக நிற்கிறாள். விரல்கள் மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை; திருகிக்கொண்டே இருக்கின்றன.