குதித்த பஸ் டிக்கெட்

ஒரு தடித்த நாவலுக்குள் பஸ் டிக்கெட் ஒன்று அடையாளத்துக்காகச் செருகப்பட்டிருந்தது. அது இருந்த பக்கத்தில் ஒரு பெண் வெள்ளம் ஓடும் ஆற்றில் இறங்கியிருந்தாள். அவள் அக்கரை சேர்ந்தாளா என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. புத்தகக்காரரோ மாதக்கணக்கில் அந்தப் பக்கத்தைத் திருப்பவேயில்லை.

மேசையில் கிடந்த செல்போன் பீற்றிக்கொண்டது. "இப்போ ரசிச்சுப் படிக்கிற புத்தகம்னு இதை இன்னொரு தடவை போடப் போறோம். போன தடவையே லைக்கை அள்ளிடுச்சு, தெரியுமா?"

"அட்டையைத்தானே காட்டினே! உள்ளே ஒருத்தி தண்ணியில நிக்கிறாப்பா" என்றது டிக்கெட்.

"நின்னா நிக்கட்டும். உனக்கென்ன வந்துச்சு?"

"எனக்குத் தெரிஞ்சாகணும். நான் குதிக்கப் போறேன்."

"குதிச்சா நேரா குப்பைக்கூடைதான்டா, கிறுக்கா."

"இப்படியே கிடக்கிறதுக்கு அது தேவலை."

புத்தகக்காரர் டீ டம்ளரைப் பக்கத்தில் வைத்து, படத்துக்கு எடுப்பான ஒரு பக்கம் தேடிப் புரட்டினார். அந்தப் புரட்டலில் டிக்கெட் கண்ணை மூடிக்கொண்டு தரையில் குதித்தது.

குனிந்து எடுத்தார். எந்தப் பக்கத்தில் இருந்தது? அங்கங்கே பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. டிக்கெட்டை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து தேட ஆரம்பித்தார். தேடியவர் எப்போது படிக்கத் தொடங்கினார் என்று அவருக்கே தெரியாது. டீயில் ஆடை படிந்தது. கூவிக்கொண்டேயிருந்த செல்போனைக் குப்புறக் கவிழ்த்தார்.

வெகுநேரம் கழித்து, கவிழ்ந்தபடியே அது மெல்லக் கேட்டது. "டேய், அவ கரை ஏறிட்டாளா?"

"பேசாம இரு" என்றது டிக்கெட். "இப்பதான் தண்ணி கழுத்துக்கு வந்திருக்கு."