பள்ளம் இருந்த இடம்

நஷ்டஈடு கேட்டு முஹ்சினா கொடுத்த மனுவை விசாரிக்க, நகராட்சி ஓவர்சியர் சித்திரை வெயிலில் அவள் தெருவுக்கு வந்தார். போன ஐப்பசி மழையில், அங்கே குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் தெரியாமல் தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. விளாத்திகுளத்தில் வத்தல் வாங்கிவிட்டுத் திரும்பிய அவள் கணவர் அஃப்ஜல் பைக்கோடு அதில் விழுந்து இறந்துபோனார். மறுநாளே பள்ளத்தை மூடி சிமெண்ட் போட்டுவிட்டார்கள்.

“எங்கனம்மா பள்ளம்?”

“நீங்க நிக்குத இடந்தான் சார். அவிய இங்கனதான் விழுந்தாவ.”

ஓவர்சியர் காலால் தட்டிப் பார்த்தார். தரை கெட்டியாக இருந்தது.

“இல்லாத பள்ளத்துக்கு எப்படிம்மா பணம் குடுப்பாங்க?”

அவர் நகர்ந்தபோது ஷூவுக்குள் தண்ணீர் சளக் சளக்கென்றது. பேண்ட் முழங்கால்வரை நனைந்து கரிசல் சேறு வழிந்தது. முஹ்சினா உள்ளே போய் ஒரு துண்டு கொண்டுவந்தாள். அவர் சேற்றைத் துடைத்துவிட்டுத் துண்டைத் திருப்பிக் கொடுத்தார்.

“பள்ளம் இல்லைன்னுதாம்மா எழுதணும்.”

“சரி சார்.”

அவர் போனதும் துண்டை அலசி மாடிக் கொடியில் போட்டாள். பக்கத்தில், மாசியில் விசாரிக்க வந்த இன்ஜினியருக்குக் கொடுத்த துண்டு தொங்கியது. அதிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.