நாற்பத்தொரு நிமிடம்

துபாயிலிருந்த கணவர் ஆலிக்குட்டிக்குக் கதீசும்மா கேசட்டில் பேசி அனுப்புவாள். அவர் அதை அழித்து, அதிலேயே பதில் பேசித் திருப்பி அனுப்புவார். கடைசி கேசட், அங்கேயே இறந்துபோன அவருடைய பெட்டியோடு வந்தது. அதில் அவள் குரல்தான் இருந்தது. நாடா தீர்ந்துவிடுமே என்று மூச்சுவிடாமல் கேட்டுத் தள்ளிய முப்பது நிமிடக் கேள்விகள்.

முப்பத்தெட்டு வருடம் கழித்து, திரூர் கடைக்காரன் அஸ்கர் அதைச் செல்போனில் ஏற்றித் தந்தான்.

"இரைச்சலை எல்லாம் எடுத்துட்டேன் உம்மா. இப்பக் கண்ணாடி மாதிரி இருக்கும்."

கொஞ்சம் கேட்டாள். "உஸ்ஸுன்னு சத்தம் இருந்தாத்தான் மோனே கேசட்டு. இது ஆஸ்பத்திரி மாதிரியில்ல இருக்கு! அதென்ன, நாப்பத்தொரு நிமிசம்னு காட்டுது?"

"நான் ஒண்ணும் கூட்டலையே உம்மா."

வீட்டில் தனியாக உட்கார்ந்து முழுவதும் கேட்டாள். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும், ஒருவர் பதில் சொல்லும் அளவுக்கு மௌனம் இருந்தது. "சாப்பிட்டீங்களா?" என்பதற்குக் கொஞ்சம். "கால் வலி எப்படி இருக்கு?" என்பதற்கு இன்னும் கொஞ்சம். கேசட்டைப் போட்டுப் பார்த்தாள். அதில் இடைவெளியே இல்லை.

மறுபடி போனை எடுத்தாள். கடைசியில், "எப்ப வருவீங்க?" என்று அவளுடைய இளம் குரல் கேட்டது. பிறகு நீண்ட மௌனம். அதன் முடிவில், பேச வாயெடுக்கும் யாரோ மூச்சை இழுக்கும் சத்தம். நாற்பத்தொரு நிமிடம் அத்துடன் முடிந்தது.