எட்டாவது குப்பி

கதவுக் கண்ணாடி சிதறி விழுந்தது. கடப்பாரையோடு உள்ளே வந்தவன் ஜீவா. அம்பத்தூரில் இருக்கும் அந்தப் பரிசோதனைக்கூடத்துக்கு ஏரிக்கரைகளிலிருந்து மண் எடுத்து வருகிறவன். அதில் என்னென்ன பூஞ்சைகள் இருக்கின்றன என்று டி.என்.ஏ. வரிசையைப் படித்துச் சொல்பவள் கார்த்திகா.

காலையில் அவள்தான் அவனுக்குப் போன் செய்திருந்தாள். சேக்காட்டு ஏரியிலிருந்து அவன் கொண்டுவந்த எட்டாவது குப்பியில் பிணம் புதைத்த மண்ணில் முளைக்கும் பூஞ்சை இருப்பதாகவும், போலீசுக்குச் சொல்லப்போவதாகவும் சொன்னாள். ஜீவாவோடு சேக்காட்டுக்கு மண் எடுக்கப் போன அருள்மொழியை இருபது நாளாகக் காணவில்லை.

முதல் அடியில் டி.என்.ஏ. படிக்கும் இயந்திரம் நொறுங்கியது. அடுத்த அடி அவள் தோளில் இறங்கியது. விழுந்தவளின் கழுத்தை மிதித்தான்.

“அந்தக் குப்பி எங்கக்கா? குடுத்துடு. இல்ல, இங்கியே பொளந்துடுவேன்.”

கார்த்திகா ரத்தம் வழியும் கையை நீட்டினாள். உள்ளங்கையில் குப்பி இருந்தது.

“மத்த ஏழு குப்பியிலதான்டா மண்ணு. இது வெறும் தண்ணி. வழியில ஏதாவது கலக்குதான்னு பாக்க, வெளியே கொண்டுபோய்த் திறக்காம கொண்டுவரச் சொல்லி நான்தான் குடுத்தேன். ஊசி குத்தி ஒரு சொட்டுதான் எடுத்துப் பாத்தேன். சீல் பாரு, உடையவே இல்ல.”

ஜீவா குனிந்து பார்த்தான். தண்ணீருக்குள் வெள்ளைக் காளான் ஒன்று மூடியை முட்டிக்கொண்டு நின்றது. கடப்பாரை கைநழுவி விழுந்தது.

“அவனப் பொதைக்கும்போது இது என் சட்டப் பையிலதானேக்கா இருந்துச்சு!”