பெரியவர் நன்றாகச் சாப்பிடுகிறார்

சோதனை மருந்தைச் சொட்டு விட்டதும் குப்பியிலிருந்த தண்ணீர் இன்றைக்கும் நீலமாக மாறியது.

அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நீலம் என்றால் மீன்தொட்டியில் இரை மிஞ்சி அழுகுகிறது என்று அர்த்தம். இரை மிஞ்சினால் பாசிக்குக் கொண்டாட்டம்.

ஆனால் இரை டப்பா கொஞ்ச நாளாகவே அவருடைய கட்டிலுக்கடியில், பூட்டுப் போட்ட பெட்டிக்குள் இருக்கிறது. நாளுக்கு ஒரு சிட்டிகை, அதுவும் அவர் கையால்தான்.

அப்படியென்றால் இந்த வீட்டில் யாரிடமோ இன்னொரு டப்பா இருக்கிறது.

இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளை விசாரிக்கிற வேலை அவருக்கு. ஒரு கடைக்குள் நுழைந்து மோப்பம் பிடித்தே, அது எரிந்த கடையா எரித்த கடையா என்று சொல்லிவிடுவார். இதய ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் சும்மா உட்கார வைத்திருந்தார்கள். விசாரிக்க வேறு எதுவும் கிடைக்காததால் பாசியை விசாரித்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கூடத்திலிருந்த அந்த உப்புநீர்த் தொட்டி பளிங்கு மாதிரி இருந்தது. திரும்பி வந்தபோது கண்ணாடி முழுக்கப் பச்சை. பாறைகளில் முடி முடியாகப் பாசி தொங்கியது. உள்ளே 'பெரியவர்' ஓர் ஆரஞ்சு நிழலாகத்தான் தெரிந்தார்.

பெரியவர் என்பது மீன். வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன். தொந்தியைத் தூக்கிக்கொண்டு அது சாவகாசமாகத் திரும்புகிற தோரணையைப் பார்த்து அவர் வைத்த பெயர்.

விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்தார். உப்புக் கரைத்த புதுத் தண்ணீர் மாற்றச் சொன்னார். பாசி அசைந்து கொடுக்கவில்லை.

அதைவிட அவரை உறுத்தியது வேறு. சுரண்டும் தகட்டைக் கையில் எடுத்தாலே மனைவி எங்கிருந்தோ வந்து நின்றாள். "என்னங்க, கையைத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரில்ல?" என்று பிடுங்கிக்கொண்டாள். அவளுடைய தம்பியோ, "நான் பண்றேன் அத்தான், நீங்க உக்காருங்க," என்பான். பண்ணமாட்டான்.

பாசி அப்படியே இருக்கட்டும் என்று இவர்கள் நினைக்கிறார்கள். ஏன்?

குப்பியைக் கழுவி வைத்துவிட்டு, நடந்துவிட்டு வருவதாகச் சொல்லிச் செருப்பை மாட்டினார். கேட்டைச் சாத்தும் சத்தத்தை மட்டும் கொடுத்துவிட்டு, வீட்டைச் சுற்றிவந்து கூடத்து ஜன்னலோரம் நின்றார். இந்த வயதில் சொந்த வீட்டையே ஒட்டுக் கேட்கிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நின்றார்.

மைத்துனன் சட்டைப் பையிலிருந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்தான். மனைவி பக்கத்தில் நின்று கிசுகிசுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் போடுடா. அவர் கண்ணாடியைத் தேய்க்கிறதுக்குள்ள இது சதை போட்டாகணும்."

மாட்டினார்கள். என்ன குற்றத்தில் என்பதுதான் புரியவில்லை.

உடனே உள்ளே போய்ப் பிடித்திருக்கலாம். தொழில் புத்தி விடவில்லை. முதலில் தடயம். இருவரும் சமையலறைப் பக்கம் போனதும் பூனைபோல உள்ளே வந்து, தகட்டைத் தொட்டிக்குள் விட்டு ஒரு சாண் அகலத்துக்குச் சுரண்டினார். மார்பில் தையல் சுள்ளென்று இழுத்தது.

பச்சை சுருள் சுருளாக உரிந்து விழுந்தது. அந்த இடைவெளிக்கு வந்து மீன் எட்டிப் பார்த்தது.

பெரியவருக்கு நடுப்பட்டை பாதியிலேயே நின்றுபோயிருக்கும், வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பு தீர்ந்துபோன மாதிரி. இந்த மீனுக்குப் பட்டை முழுசாக இருந்தது. தொந்தியைக் காணோம். துறுதுறுவென்று திரும்பி ஓடியது.

பின்னால் மைத்துனன் வந்து நின்றிருந்தான்.

"அத்தான்... உங்க ஆபரேஷன் அன்னைக்கு நாங்க எல்லாரும் ஆஸ்பத்திரியில இருந்தோம். இங்க கரண்ட் போயி மோட்டார் நின்னுடுச்சு. வந்து பார்த்தா மிதக்குது. உங்களுக்கு அதிர்ச்சி எதுவும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்களா, அக்காதான் அதே மாதிரி ஒண்ணு தேடி வாங்கிட்டு வரச் சொன்னா. சின்னதாத்தான் கெடைச்சுது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவர் போய்விட்டாரே என்று இருந்தது, ஆனாலும் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார். ஒரு மீனுக்காகவா இத்தனை நாடகம்!

பிறகு அந்தச் சிரிப்பு தானாகவே நின்றது.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது தினமும் கேட்டார், பெரியவர் எப்படி இருக்கார் என்று. தினமும் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நல்லா இருக்கார், நல்லா சாப்பிடறார் என்றாள். குரல் பிசகவில்லை. கண் தாழவில்லை. எத்தனையோ பேருடைய பொய்யை இமைத் துடிப்பிலேயே படித்தவர், அதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்.

அதே கையைப் பிடித்துக்கொண்டு, அதே குரலில், அவள் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, இனிமே ஒரு பயமும் இல்லை.

மனைவி ஈரக்கையைத் துடைத்தபடி கூடத்துக்கு வந்தாள். சுரண்டிய இடத்தைப் பார்த்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள்.

மீனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"டாக்டர் என்னைப் பத்தி நிஜமா என்ன சொன்னாரு?"

அவள் தகட்டை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் திரும்பினாள்.

"பாசி நல்லாவே குறைஞ்சிருக்கு, பாருங்க," என்றாள்.

அந்த ஒரு சாணைத் தவிர, கண்ணாடி முழுக்கப் பச்சையாகவே இருந்தது.